ஆறாம் ஆள்

உடையடிப்பேரிக் குளத்துப் பறவைகள், தங்களைப் பார்க்க வந்த மனிதர்களைப் பற்றிய முதல் பட்டியலை அனுப்பியது மாசி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. தங்கபுஷ்பம் அப்போதுதான் குளத்திலிருந்து வீடு திரும்பி, அலுவலகம் போகிற அவசரத்தில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். போன் சத்தம் கேட்டு ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டு எடுத்துப் பார்த்தாள்.

இடம்: உடையடிப்பேரி. நேரம்: காலை 5.50 முதல் 7.10 வரை. இனம்: மனிதன். எண்ணிக்கை: நான்கு. ஆட்கள்: 2, 3, 6, 9.

பறவை பார்க்கும் குழுவில் தினமும் போடுகிற பட்டியலின் அதே வடிவம்தான். என்ன, இனம் என்ற இடத்தில் வழக்கமாக நீர்க்காகம், நாமக்கோழி, முக்குளிப்பான் என்று இருக்கும். அன்று காலை குளக்கரையில் இருந்தது சரியாக நான்கு பேர். அவளும், டயர்க்கடை முத்துக்குமரேசன் அண்ணாச்சியும், புகைப்படக்காரர் அந்தோணி ராயனும், ஒரு பல் டாக்டரும். ஆறு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கரையேறினார்கள், ஏழு பத்துக்கு இறங்கினார்கள். அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு யாரோ வெளியே நின்று பார்ப்பதுபோல ஓர் உணர்வு தட்டவே, போய் அடுக்களை ஜன்னலைச் சாத்தினாள்.

பறவை பார்க்கிற கூட்டத்தோடு பழகாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும். அவர்களுக்குப் பறவையைப் பார்ப்பது பாதிச் சந்தோஷம்தான். எங்கே, எத்தனை மணிக்கு, யார் யாரோடு போய்ப் பார்த்தோம் என்று எழுதி நாலு பேருக்கு அனுப்பினால்தான் சாப்பாடு இறங்கும். அப்படி எழுதுவதில் கொஞ்சம் கூட்டிக் குறைத்து அளப்பவர்களும் உண்டு. அதனால் எல்லாக் குழுவிலும் சரிபார்க்க ஓர் ஆள் இருப்பார். உடையடிப்பேரிக் குழுவில் ஒன்பது வருஷமாக அந்த ஆள் தங்கபுஷ்பம். நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போடுகிற வேலை அவளுக்கு. ஒரு மில்லிமீட்டர் தவறினால் அடுத்தவன் வயல் நம் வயலாகிவிடும் என்று படித்துப் படித்து வளர்ந்தவள். அவளிடம் தப்பி ஒரு பொய்க் கொக்குகூடப் பட்டியலுக்குள் நுழைய முடியாது.

கூடுகள் விஷயத்தில் அவள் இன்னும் கறார். யாராவது கூடு பார்த்ததாகச் சொன்னால் அவளே நேரில் போய், முட்டைகளுக்குப் பக்கத்தில் தன் ஆறு அங்குல எஃகு ஸ்கேலை வைத்து ஒரு படம் எடுத்தால்தான் அது கூடு. இல்லாவிட்டால் அது வெறும் கூழாங்கல் குவியல். இதற்குக் குழுவில் ‘ஸ்கேல் வைப்பது’ என்று பெயர். அக்கா ஸ்கேல் வைத்துவிட்டார் என்றால் அதற்கு மேல் பேச்சில்லை.

அன்று சாயங்காலமே டயர்க்கடையில் கூடினார்கள். பட்டியலுக்குக் காரணமான நவநீதன் வந்திருந்தான். ஒலியை ஆராய்கிற ஒரு நிறுவனத்தில் வேலை, இருப்பது ஊரில், சம்பளம் பெங்களூரிலிருந்து. மூன்று வருஷத்துக்கு முன்னால் குளத்தைச் சுற்றி எட்டுக் கம்பங்களில் செவிப்பெட்டிகள் கட்டியவன் அவன்தான். வெயிலில் ஓடுகிற பெட்டிகள். இரவும் பகலும் காது கொடுத்துக்கொண்டே இருக்கும். கேட்ட சத்தங்களை ஒன்றுபோல் இருப்பவை ஒரு கட்டு, வேறு மாதிரி இருப்பவை இன்னொரு கட்டு என்று பிரித்து வைக்கும். ஆள்காட்டிக் குருவிதான் எல்லாவற்றையும்விட அதிகம் கத்துவது என்பதால் அதிலிருந்து ஆரம்பித்தானாம்.

“நாய் வந்தா ஒரு சத்தம், கீரி வந்தா ஒரு சத்தம், பருந்து வந்தா இன்னொண்ணு. இது நமக்கு முன்னமே தெரியும்லா. மனுஷனுக்கு மட்டும் பெட்டி பிரிச்சுப் பிரிச்சு வைக்குது அண்ணாச்சி. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு சத்தம். நூத்துக்கு மேல கட்டு இருக்கு. அடிக்கடி வாற பதினோரு பேருக்கு மட்டும் நான் நம்பர் போட்டேன்” என்றான் நவநீதன்.

குழுவில் இருப்பது பதினோரு பேர். ஆள் வந்தால் ஊருக்குச் சொல்லுகிற குருவி என்று எந்தக் காலத்திலோ அதற்குப் பேர் வைத்துவிட்டார்கள். எந்த ஆள் என்றும் சேர்த்துச் சொல்கிறது என்பதை எதிர்பார்க்கவில்லை. முத்துக்குமரேசன் அண்ணாச்சிதான் சுதாரித்துக்கொண்டு, தன் தொந்தியைத் தடவியபடி, தனக்கு என்ன பேர் வைத்திருக்கும் என்று தெரிந்தேயாக வேண்டும் என்றார். பல் டாக்டர், யார் எந்த நம்பர் என்று கேட்டார்.

“அது பெட்டிக்குத் தெரியாது. குருவிக்குத்தான் தெரியும்” என்றான் நவநீதன்.

ஒரு வாரம் குழுவே அந்தப் பட்டியலை வைத்துத் திருவிழா நடத்தியது. இன்றைக்குக் குருவி என்னைப் பார்த்ததா, எத்தனை நிமிஷம் பார்த்தது என்று ஆளாளுக்கு விசாரிப்பு. தங்கபுஷ்பம் மட்டும் அதில் கலந்துகொள்ளவில்லை. அவள் மனசு வேறு ஓரிடத்தில் கிடந்தது.

குளத்தில் ஆள்காட்டிக் குஞ்சுகளே இல்லாமல் போய்க்கொண்டிருந்தன. அவள் சரிபார்க்க ஆரம்பித்த முதல் வருஷம் அறுபத்தோரு கூடுகள், அதில் முக்கால்வாசி பொரித்தன. போன வருஷம் இருபத்திரண்டு கூடுகள். பொரித்தது மூன்றே மூன்று. காய்ந்த குளத்துத் தரையில் நாலு கூழாங்கல்லை ஒதுக்கி முட்டையிடுகிற பறவை அது. முட்டையும் கல் மாதிரியேதான் இருக்கும், தெரிந்தவர்கள் கண்ணுக்கே எளிதில் படாது. இருந்தும் அவள் ஸ்கேல் வைத்துவிட்டு வந்த கூடு மறு வாரம் போய்ப் பார்த்தால் காலியாக இருக்கும், ஓடு மட்டும் கிடக்கும். முதலில் நாய் என்றார்கள். பிறகு காக்கை என்றார்கள். கடைசியில் சடையாண்டி என்றார்கள்.

சடையாண்டி ஒரு கீதாரி. ராமநாதபுரத்துச் சீமையிலிருந்து தை மாதம் நூற்றுமுப்பது ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்து, ஆனி வரைக்கும் குளத்தில் மேய்ப்பவர். உடைந்த ஓட்டுக்குப் பக்கத்தில் குளம்புத் தடம் இருந்ததைப் படம் எடுத்து, அளவெடுத்து, வரைபடம் போட்டு மனு எழுதியது தங்கபுஷ்பம்தான். மனு நன்றாக இருந்ததால் உத்தரவும் சீக்கிரம் வந்தது. மேய்ச்சலுக்குத் தடை என்று கரையில் பலகை வைத்தார்கள். சடையாண்டி அவள் வீட்டு கேட்டுக்கு வெளியே வந்து நின்று, ஆடு முட்டை தின்னாது அம்மா என்றார். மிதிக்கும் இல்லையா என்று அவள் கேட்டாள். குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். அவர் குடித்துவிட்டுப் போய்விட்டார். அது நடந்து மூன்று வருஷம். ஆடுகள் போன பிறகும் குஞ்சுகள் திரும்பி வரவில்லை. அந்தக் கேள்விதான் அவளை அரித்துக்கொண்டிருந்தது.

பங்குனி பிறந்து நாலாம் நாள் நவநீதன் அவளுக்கு போன் செய்தான். குரல் இறங்கியிருந்தது. ஒரு நம்பர் மட்டும் மற்றவை மாதிரி இல்லை என்றான். அவள் விடாமல் கேட்கவும் சொன்னான்.

“மத்த பத்துப் பேருக்கும் ஆளுக்கு ஒரு சத்தம்தான். ஆள் வருது, அவ்வளவுதான். ஆறாம் நம்பருக்கு மட்டும் பின்னாலேயே கீரிச் சத்தம் ஒட்டிக்கிட்டு வருதுக்கா. ரெண்டுக்கும் நடுவுல மூச்சு விடுத நேரம்கூட இல்ல.”

“கீரி அப்ப அங்கன நின்னிருக்கும்.”

“ஒரு நாள் ரெண்டு நாள்னா சரி. மூணு வருஷப் பதிவுல முன்னூத்திப் பதினேழு தடவ. ஆறாம் ஆள் கரையில கால் வச்ச உடனே சொல்லுதுக. கீரி வாறதுக்கு எவ்வளவோ முன்னாலேயே.”

அவளுக்கு, சொன்னால் என்ன, ஒரு சந்தோஷம் வந்தது. இத்தனை வருஷம் தேடிய முட்டைத் திருடன் கையில் அகப்பட்டுவிட்டான். அவன் கீரியைப் பழக்கி வைத்திருக்கிறானோ, கூட்டைக் கலைத்துவிட்டுப் போகிறானோ, என்னவாக இருந்தாலும் குருவிகள் அவனைக் கீரியோடு சேர்த்தே வைத்துப் பேசுகின்றன. மனசுக்குள் உடனே அந்தோணி ராயன் முகம் வந்து நின்றது. நல்ல படம் கிடைப்பதற்காகக் கூட்டுக்கு முழத்தொலைவில் மணிக்கணக்கில் குப்புறப் படுக்கிறவர் அவர். அன்றைக்கே இரண்டு பேரிடம் போனில் அவர் பேரைச் சொல்லியும் விட்டாள்.

யார் அந்த ஆறாம் ஆள் என்று தெரிந்தாக வேண்டும், யாராக இருந்தாலும் குழுவை விட்டு வெளியே அனுப்ப வேண்டும் என்று குழுவில் எழுதினாள். எல்லோரும் ஆமாம் என்றார்கள். அந்தோணி ராயனும் ஆமாம் என்றார். நவநீதன் மட்டும் வாயைத் திறக்காமல் பத்து நாள் கடத்தினான். பதினோராம் நாள் அவள் அவன் வீட்டுக்கே போய்விட்டாள். தெரிந்து என்ன செய்யப் போகிறோம் அக்கா என்று அவன் இழுத்தான்.

“மூணு வருஷம் முந்தி ஒரு மனுஷன ஆட்டோட சேத்து வெளிய அனுப்பியிருக்கோம். தப்பான ஆளயா அனுப்பினோம்னு தெரிய வேண்டாமா?” என்று கேட்டாள்.

அவன் அவள் முகத்தையே பார்த்தான். பிறகு ஆறாம் ஆளின் சத்தம் கேட்ட தேதிகளை மட்டும் அனுப்புகிறேன், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் தன் நோட்டுகளை அடுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு நாளும் யார் யார் வந்தார்கள், எத்தனை மணிக்குக் கரையேறினார்கள் என்று அவள் கையால் எழுதியவை. பதினோரு பேரின் பெயரையும் ஒரு தாளில் எழுதினாள். தேதியைப் பார்ப்பது, அன்று வராதவர் பெயரை அடிப்பது, அடுத்த தேதிக்குப் போவது. வேலை சுலபமாகத்தான் இருந்தது. முதல் நாலு தேதியிலேயே ஏழு பேர் போய்விட்டார்கள். ஐந்தாவதில் பல் டாக்டர். எட்டாவது தேதியில் அந்தோணி ராயன் கொடைக்கானலில் கல்யாணப் படம் எடுக்கப் போயிருந்தார். அவள் அந்தப் பெயரை அடிக்க மனமில்லாமல் தேதியை மூன்று முறை சரிபார்த்தாள். பதினான்காவது தேதி அண்ணாச்சிக்குக் கண் ஆபரேஷன் நடந்த மறுநாள்.

தாளில் ஒரு பெயர் மிஞ்சியிருந்தது. அதை எழுதும்போது, கணக்கு முழுமையாக இருக்கட்டும் என்றுதான் எழுதினாள். அடிக்கப்படாத பெயரைப் பார்த்துக்கொண்டு எத்தனை நேரம் இருந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. மீதி முன்னூற்றுச் சொச்சம் தேதிகளையும் ஒன்று விடாமல் பார்த்தாள். ஒவ்வொரு தேதியிலும் அந்தப் பெயர் இருந்தது.

இயந்திரம் தப்புப் பண்ணும் என்று அன்றிரவு தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மறுநாள் காலை நாத்தனாரின் சுடிதாரை வாங்கிப் போட்டுக்கொண்டு, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, வழக்கமான கிழக்குக் கரையை விட்டு மேற்கே மதகுப் பக்கமாக ஏறினாள். பொழுது நன்றாக விடிந்திருந்தது. கரையில் கால் வைத்து மூன்று எட்டு நடந்திருக்க மாட்டாள். தரையிலிருந்து ஓர் ஆள்காட்டி எழும்பிக் கத்தியது. ஒன்பது வருஷமாகக் கேட்கிற சத்தம்தான். இப்போது பிரித்துக் கேட்கத் தெரிந்துவிட்டதால் இரண்டாகக் கேட்டது. முதலில் உரக்க ஒன்று. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு அடித்தொண்டையில், வேகமாக, இன்னொன்று. நடுக்குளத்தில் ஒரு குருவி அதைத் திருப்பிச் சொன்னது. அந்தக் கரையில் இன்னொன்று. அவள் பெயர் குளம் முழுக்கச் சுற்றி வந்தது.

அண்ணாச்சி முந்தின வாரம் சொன்ன புதுக் கூடு ஒன்று பாக்கி இருந்தது. அதற்குப் போனாள். நாலு முட்டைகள். குத்தவைத்து உட்கார்ந்து, ஸ்கேல் வைத்து, படம் எடுத்தாள். பிறகு வழக்கம்போல வீட்டுக்குப் போகாமல், கரைமேல் உடைமரப் புதருக்குள் போய் உட்கார்ந்து தொலைநோக்கியை எடுத்துக்கொண்டாள். நாலு முட்டையைப் பணயம் வைத்துப் பார்ப்பது பாவம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தாள். தெரியாமல் இருப்பதை அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை.

அரைமணி நேரம் போயிருக்கும். மதகுப் பக்கமிருந்து கீரி வந்தது. அவசரமே இல்லை அதற்கு. மூக்கைத் தரையோடு வைத்துக்கொண்டு அவள் நடந்த வழியே நடந்தது. செருப்பில் முள் ஏறியதென்று அவள் நின்ற இடத்தில் அதுவும் நின்றது. சேற்றுக்குழியை அவள் சுற்றிப்போன இடத்தில் அதுவும் சுற்றிப்போனது. குறுக்கே போனால் பத்தடி மிச்சம், அது குறுக்கே போகவில்லை. தாய்ப்பறவையும் தகப்பன் பறவையும் தலைக்கு மேல் விழுந்து விழுந்து கத்தின, அது நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஸ்கேல் வைத்த இடத்தை முதலில் முகர்ந்தது. பிறகு முட்டைக்குத் திரும்பியது. கத்தி விரட்டியிருக்கலாம். எழுந்து ஓடியிருக்கலாம். அவள் கை தொலைநோக்கியை விட்டு இறங்க மறுத்தது. நாலாவது முட்டையையும் தின்றுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, அது புதரைப் பார்த்துச் சற்று நேரம் நின்றது. அடுத்த கூட்டுக்கு எப்போது போகப் போகிறாய் என்று கேட்பதுபோல இருந்தது அவளுக்கு.

ஒன்பது வருஷம். நானூற்றுக்கு மேற்பட்ட கூடுகள். ஒவ்வொன்றுக்கும் வழி காட்டிக் கொடுத்திருக்கிறாள். புதருக்குள்ளேயே உட்கார்ந்து, துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.

அந்த வாரமே லீவு போட்டுவிட்டு பஸ் ஏறி, விசாரித்து விசாரித்து, சாயல்குடிப் பக்கத்தில் ஒரு இறால் பண்ணையில் சடையாண்டியைக் கண்டுபிடித்தாள். ஆடுகளை விற்றுவிட்டுக் காவல் வேலையில் இருந்தார். அவளை அடையாளம் தெரிந்துகொண்டு, உட்காரக் கட்டிலை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். தன்னால்தான் முட்டை போயிற்று, ஆட்டால் இல்லை என்றாள். அவர் ஆச்சரியப்பட்டதாகவே தெரியவில்லை.

“எங்களுக்குத் தெரியும் தாயி. எங்களப் பாத்தா அது ஒரு தினுசாக் கத்தும். நீங்க வந்தா வேற தினுசு. கீரிக்காரம்மா வந்துட்டாகன்னு எங்க வீட்டுக்காரி சொல்லிச் சிரிக்கும்” என்றார்.

“அப்பவே சொல்லியிருக்கக் கூடாதாய்யா?”

“யாருகிட்டச் சொல்ல? எழுதுறது நீங்கதான.”

அவர் அதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். தடையை எடுக்க மனு எழுதுகிறேன், திரும்பி வாருங்கள் என்று கேட்டாள். ஆடு இல்லாமல் வந்து நான் என்னத்தை மேய்க்க என்று கேட்டுவிட்டு, மோட்டார் ஓடுகிறதா என்று பார்க்க எழுந்து போனார்.

திரும்பி வந்ததும் குழுவில் எல்லாவற்றையும் எழுதினாள். ஆறாம் ஆள் நான்தான், இனிமேல் குளத்துக்கு வரமாட்டேன், யாரும் எந்தக் கூட்டுக்கும் பக்கத்தில் போகாதீர்கள் என்று முடித்தாள். அந்தோணி ராயனிடம் தனியாக மன்னிப்பும் கேட்டாள். பொறுப்பிலிருந்து விலகுகிறேன் என்றதற்கு மட்டும் யாரும் சம்மதிக்கவில்லை. பட்டியலை வீட்டிலிருந்தே சரிபார்க்கலாமே, உங்களை விட்டால் யார் இருக்கிறார்கள் என்றார் அண்ணாச்சி.

அவள் போவது நின்றது. வைகாசியில், நவநீதன் கம்பத்தில் புதிதாகக் கட்டிய கேமராவில் முதல் குஞ்சுகள் தெரிந்தன. ஆனிக்குள் பத்தொன்பது கூடுகள் பொரித்துவிட்டன. குழுவே கொண்டாடியது. அவளும் வீட்டில் தனியாகப் பாயசம் வைத்துக் குடித்தாள். காலையில் கரைக்குப் போக முடியாததுதான் வலித்தது. விடியற்காலையில் தானாக விழிப்பு வந்துவிடும், கால் செருப்பைத் தேடும். ஆனால் தான் இல்லாததால் அங்கே ஓர் உயிர் பிழைக்கிறது என்று நினைத்துக்கொள்வாள், கொஞ்சம் அடங்கும்.

ஆனி மாதம் பத்தாம் தேதி வாக்கில் வந்த பட்டியலில் இப்படி இருந்தது: மனிதன். எண்ணிக்கை: மூன்று. ஆட்கள்: 2, 9, 6?

ஒரு கேள்விக்குறியோடு ஆறு. பெட்டிக்கு நிச்சயமில்லாத சத்தத்துக்குத்தான் கேள்விக்குறி போடும். அவள் அதை நிராகரித்தாள். மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும். குழுவில் யாரோ விளையாடுகிறார்கள், தன்னைப் போலவே நடந்து காட்டுகிறார்கள் என்று முதலில் கோபம் வந்தது. நவநீதன் கேமராவைத் திருப்பிப் போட்டுப் பார்த்தான். அந்த இரண்டு பேரைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லை. மூன்றாவது வாரம் கேள்விக்குறி மறைந்து வெறும் ஆறு என்று வர ஆரம்பித்தது. அன்று சாயங்காலம் அவன் வீட்டுக்கு வந்தான்.

“யாரும் வரலக்கா. தாய்க்குருவி சும்மா நின்னுக்கிட்டே உங்க சத்தத்தக் குடுக்குது. குஞ்சுக எல்லாம் தரையோட தரையாப் படுத்துக்கிடுது. கொஞ்ச நேரம் கழிச்சு எழுப்பி விடுது. மறுபடியும் குடுக்குது. குஞ்சுகளும் சொல்லிப் பாக்குது. மொதல்ல கொழறுச்சு, அதான் கேள்விக்குறி விழுந்துச்சு. இப்பம் தெளிவா வந்துட்டு.”

“பாடமா?”

“அப்படித்தான் தோணுது.”

தங்கபுஷ்பம் அவனுக்குக் காப்பி கலந்து கொடுத்தாள். அவள் இல்லாத குளத்தில் தினமும் காலையில் அவள் வந்துகொண்டிருந்தாள். பத்தொன்பது கூட்டுக் குஞ்சுகளில் ஒன்றுகூட அவளைக் கண்ணால் கண்டதில்லை. பயப்பட மட்டும் கற்றுக்கொண்டுவிட்டன.

அடுத்த வருஷம் பங்குனியில் தெற்கே பதினான்கு கிலோமீட்டர் தள்ளியிருக்கிற சாத்தாம்புளிக் குளத்திலும் செவிப்பெட்டிகள் வைத்தார்கள். குடியிருப்பு இல்லாத காட்டுக்குளம், தங்கபுஷ்பம் அந்தத் திசையில் போனதே கிடையாது. நவநீதன் தனியாகப் போய்ப் பெட்டிகளையும் கேமராவையும் கட்டிவிட்டு வந்தான். குழு ஒரு மாதம் அந்தப் பக்கமே போகாமல் இருப்பது, பெட்டி மட்டும் கேட்கட்டும் என்று ஏற்பாடு. எட்டாம் நாள் காலை அங்கிருந்து முதல் மனிதப் பட்டியல் வந்தது.

இடம்: சாத்தாம்புளி. நேரம்: காலை 6.05. இனம்: மனிதன். எண்ணிக்கை: ஒன்று. ஆள்: 6.

கேள்விக்குறி இல்லை. குழுவில் முதலில் பார்த்தது முத்துக்குமரேசன் அண்ணாச்சி. பாவம், அவருக்கு விஷயம் முழுதாகப் பிடிபட்டதே இல்லை. புஷ்பக்கா, ஒரு வார்த்தை சொல்லாம புதுக்குளத்த மொதல்ல பாத்துட்டியளே என்று கேலியாக எழுதியிருந்தார். அவள் அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே நவநீதன் கூப்பிட்டான்.

போன வருஷம் உடையடிப்பேரியில் பொரித்த குஞ்சுகளில் ஒன்று அங்கே போய்க் கூடு வைத்திருக்கிறது என்றான். குரலை வைத்துப் பெட்டி கண்டுபிடித்துவிட்டதாம். அதற்கும் இப்போது நாலு குஞ்சுகள். சொல்லிவிட்டு நிறுத்தினான்.

“இன்னும் ஏதோ இருக்கு. சொல்லு” என்றாள்.

“கீரிச் சத்தம் இல்லக்கா. அந்த வால் பாதிய விட்டுட்டுது. அந்தக் குளத்துல கீரியே கெடையாது போல. உங்க சத்தம் மட்டும்தான்.”

“குஞ்சுக என்ன செஞ்சுது?”

“படுத்துக்கிட்டுது. பதினெட்டு நிமிஷம் அசையல. தாய் கூப்பிட்ட பெறவுதான் எந்திரிச்சுது. நாலும் நல்லா இருக்கு.”

இதைப் பிழை என்று போட்டு நீக்கிவிடுங்கள், மற்றவர்களுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன் என்றான். அவள் பட்டியலைத் திறந்தாள். பெட்டிப் பதிவுகளுக்கென்று அவளே எழுதிய விதி ஒன்று உண்டு. ஒரு பெட்டி கேட்டால் போதாது, இரண்டு பெட்டிகள் தனித்தனியே கேட்டிருக்க வேண்டும். பார்த்தாள். வடகரைப் பெட்டி கேட்டிருந்தது. தென்கரைப் பெட்டியும் கேட்டிருந்தது. நேரம் ஒரு நொடி பிசகாமல் ஒத்துப்போனது. நீக்குவதற்கு அவளிடம் ஒரு காரணமும் இல்லை.

ஏற்றுக்கொள்ளப்பட்டது என்ற இடத்தில் விரலை வைத்தாள். பிறகு குழுவுக்குத் திரும்பிப் போய், ஆமாம் அண்ணாச்சி, இன்றைக்குக் காலையில் வந்திருந்தேன் என்று எழுதி அனுப்பினாள்.